திரும்பி வராதவர் யார்? காசநோய் வரலாறு இணையவழி நலத்திட்டங்களுக்குச் சொல்வது

இணையவழி நலவாழ்வுத் திட்டங்களை ஆராய்வோர் அனைவரும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: பதிவு செய்துகொண்டவர்கள் ஏன் தொடர்ந்து வருவதில்லை? 2005-இல் குந்தர் ஐசன்பாக் இந்நிகழ்வைத் ‘தேய்மான விதி’ என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தார். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பகுதியினர் இடையிலேயே விலகுவது இயல்பு. அதை மறைக்காமல் அதனையே ஆய்வுப்பொருளாக்க வேண்டும் என்பது அவர் வாதம். இக்கேள்வி இணையத்தோடு பிறந்தது போலவே இன்று பேசப்படுகிறது. இந்தியப் பொதுச் சுகாதார வரலாற்றிலோ அதற்கு அரை நூற்றாண்டு மூப்பு உண்டு.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளின் எண்ணிக்கைக்குமுன் சானட்டோரியப் படுக்கைகள் மிகச் சொற்பம். ஆகவே 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர் வீட்டிலும் மறுபகுதியினர் சானட்டோரியத்திலும் ஓராண்டு மருந்துண்ணுமாறு ஏற்பாடாயிற்று. 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகின் நம்பிக்கையைப் புரட்டிப்போட்டது: நெருக்கடியான குடியிருப்புகளில் போதிய ஊட்டமின்றி வாழ்ந்தவர்களும் சானட்டோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ நிகராகவே குணமடைந்தனர்.

பாடநூல்கள் இம்முடிவோடு நின்றுவிடுகின்றன. அதன் பின்னிருந்த உழைப்பை நாம் கவனிக்க வேண்டும். இருமலும் காய்ச்சலும் சில வாரங்களில் தணிந்துவிடும். மாத்திரையோ ஓராண்டு விழுங்கப்பட வேண்டும். உடல் நலமாகிவிட்டதாக உணரும் ஒருவர் மருந்தை நிறுத்துவதில் வியப்பில்லை. இதனை அறிந்த ஆய்வுக்குழு சுகாதாரப் பார்வையாளர்களை முன்னறிவிப்பின்றி வீடுகளுக்கு அனுப்பியது. எஞ்சிய மாத்திரைகள் எண்ணப்பட்டன, சிறுநீர் சோதிக்கப்பட்டது. குழுவை வழிநடத்திய வாலஸ் ஃபாக்ஸ், நோயாளி தாமே மருந்து உட்கொள்வதிலுள்ள சிக்கல் குறித்து 1958-இல் தனிக்கட்டுரையே எழுதினார். வீட்டுச் சிகிச்சை என்பது நோயாளியை வீட்டில் விட்டுவிடுதல் அன்று. மருத்துவமனை வீட்டைத் தேடிச் செல்லுதல்.

1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம் நாடெங்கும் விரியத் தொடங்கியபோது, அந்தத் தேடிச்செல்லும் உழைப்பு அதே அளவில் உடன் செல்லவில்லை. 1997-இல் பெரிய அளவில் அறிமுகமான ‘டாட்ஸ்’ முறை, மற்றொருவர் கண்முன்னே மருந்து விழுங்குவதை வற்புறுத்தியது. வாரம் மும்முறை மையத்திற்கு வரும் சுமை பெரும்பாலும் நோயாளியின் தோளில் ஏறியது. பேருந்துக் கட்டணமும் இழந்த நாட்கூலியும் பதிவேட்டில் இடம்பெறவில்லை. தொடர்ந்து இரண்டு மாதம் மருந்து தவறியவர் ‘டிஃபால்டர்’ என்று மட்டும் எழுதப்பட்டார். கடனைக் கட்டத் தவறியவரைச் சுட்டும் அதே சொல்! 2013-இல் உலகச் சுகாதார நிறுவனம் அச்சொல்லைக் கைவிட்டு, ‘தொடர்பு அறுந்தவர்’ என்னும் பொருள்தரும் தொடரை ஏற்றது. முதற்சொல் குற்றத்தை நோயாளிமீது வைத்தது. தொடர்பு அறுந்தது என்னும்போதோ, அதைப் பேண வேண்டிய மறுமுனையும் கணக்கில் வந்துவிடுகிறது.

பிறகு கைபேசி வந்தது. இந்தியாவில் உருவான ‘99டாட்ஸ்’ முறையில், மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கும்போது மறைந்திருந்த தொலைபேசி எண் வெளிப்படும். அவ்வெண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்தால் அன்றைய மருந்து உண்டதாகப் பதிவாகும். இதன் துல்லியத்தைச் சென்னை, வேலூர், மும்பை நகரங்களில் ஆராய்ந்தவர்கள் கையாண்ட வழி எது? முன்னறிவிப்பற்ற வீட்டு வருகையும் சிறுநீர்ச் சோதனையும்! 2020-இல் வெளியான முடிவின்படி, அழைப்புப் பதிவு மருந்துண்டதற்கு நம்பத்தகுந்த சான்றாக அமையவில்லை. கைபேசி வீட்டில் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. நோய் வெளியே தெரிந்துவிடுமோ என்னும் அச்சமும் உண்டு. அழைப்பு வராத நாளில் நடந்தது என்னவென்று கணினித் திரை சொல்லாது.

கருவுற்ற பெண்களுக்கும் இளந்தாய்மார்க்கும் குரல்வழிச் செய்தி அனுப்பும் மும்பையின் ‘எம்மித்ரா’ திட்டம் மற்றொரு சான்று. நாளடைவில் பலர் கேட்பதை நிறுத்தினர். ஏறத்தாழ 23 ஆயிரம் பெண்களை உள்ளடக்கி 2022-இல் வெளியான ஆய்வில், விலகக்கூடியவர்களுள் யாரை அழைத்தால் பயன் மிகும் என்பதைக் கணிக்கச் செயற்கை நுண்ணறிவு பயன்பட்டது. கேட்பது குறையும் போக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு தணிந்தது. கணினி செய்தது தேர்வு மட்டுமே. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, இடர் என்னவென்று கேட்டவர் ஒரு மனிதர்.

இவ்வரலாறு காட்டும் உண்மை எளியது: கருவி மாறியபோதெல்லாம் விலகலைக் காணும் திறன் கூடியது, விலகியவரை மீட்கும் பணி மட்டும் மனிதரிடமே எஞ்சியது. நினைவூட்டுக் குறுஞ்செய்தியும் பரிசுப் புள்ளியும் பயனற்றவை அல்ல. ஆயினும் தேடிச்செல்லும் பணியாளருக்குரிய ஊதியத்தைத் திட்டச்செலவில் சேர்க்காமல், பயனர் ஆர்வம் குறைந்துவிட்டதாக அறிக்கை எழுதுவது ‘டிஃபால்டர்’ பதிவேட்டின் புதிய பதிப்பே ஆகும்.

இத்துறையில் ஆய்வேடு எழுதும் மாணவர்கள் விலகியோர் விழுக்காட்டைக் குறிக்கும் இடத்தில், அவர்களுள் எத்தனை பேரை எவர் தேடிச் சென்றார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அவ்வரியை நிரப்ப இயலாத திட்டத்தில், தொடர்பை அறுத்தவர் யார் என்பதை மீண்டும் விசாரிக்க வேண்டியிருக்கும்.