கேக்கின் மேற்பூச்சும் ஒரு வரலாற்று ஆவணமே

உணவு வரலாறு எழுதுவோர் கேக்கை நோக்குவர். அதன் மேற்பூச்சைப் பெரும்பாலும் நோக்குவதில்லை. ஆயினும் சர்க்கரை, பால், எண்ணெய் ஆகிய மூன்றின் பொருளியல் வரலாறும் அம்மெல்லிய படலத்தில் பதிந்துள்ளது. புனே நகரை முன்வைத்து இதனைச் சுருக்கமாக விளக்குகிறேன்.

மரபான மேற்பூச்சுகளுள் தொன்மையானது முட்டை வெண்கருவும் பொடித்த சர்க்கரையும் சேர்ந்த ஐசிங். எலிசபெத் ராஃபால்ட் 1769இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே திருமணக் கேக்கிற்கான சர்க்கரைப் பூச்சு இடம்பெறுகிறது. 1840இல் விக்டோரியா அரசியின் திருமணக் கேக்கோடு தொடர்புபடுத்தப்பட்டு, இது 'ராயல் ஐசிங்' எனப் புகழ்பெற்றது. இதன் வெண்மை அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. நன்கு சுத்திகரித்த சர்க்கரை விலையுயர்ந்திருந்த காலத்தில் வெண்மையே செல்வத்தின் அடையாளம். அச்சர்க்கரையின் பின்னணியில் கரீபியத் தோட்டங்களின் அடிமை உழைப்பு இருந்தது.

அடுத்தது பட்டர் ஐசிங். இங்கே வடிவத்தைத் தாங்குவது வெண்ணெய். சுவை செறிவானது, ஆனால் 30 பாகையைக் கடந்த வெப்பத்தில் வெண்ணெய் இளகிவிடும். புனேயின் ஏப்ரல், மே மாதங்களில் இது பெருஞ்சிக்கல்.

விப் கிரீமின் கதை வேறு. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவில் பாலேட்டின் விற்பனைக்குக் கட்டுப்பாடு இருந்த சூழலில், 1945இல் பஃபலோ நகரத்து ராபர்ட் ரிச் சோயாவிலிருந்து உறையவைத்து அடிக்கத்தக்க ஒரு மாற்றினை உருவாக்கினார். இன்றைய வகைகளில் பெரும்பாலும் பனங்கொட்டை எண்ணெய்க் கொழுப்பு, சர்க்கரை, பால்மமாக்கிகள் ஆகியவை உள்ளன. அடிக்கும்போது காற்று புகுந்து அளவு மூன்று மடங்குக்கும் மேல் பெருகும். பூச்சின் பெரும்பகுதி காற்றாதலால் இனிப்பும் குறைவு, செலவும் குறைவு, முட்டையும் வேண்டியதில்லை. குளிர்ப்பெட்டி பரவிய இந்திய நகரங்களில் இது நிலைபெற்றதற்கு இவையே காரணங்கள்.

புனேயில் இம்மூன்றையும் சாராத ஒரு மரபும் உண்டு. 1955இல் தொடங்கிய கயானி பேக்கரியின் மாவா கேக்கிற்கு மேற்பூச்சே இல்லை; சுண்டிய பாலின் செழுமை உள்ளேயே அடங்கிவிடுகிறது. மறுமுனையில், எடி ஸ்பென்ஸிடம் பயின்ற புனே கலைஞர் பிராச்சி தபல் தேப், முட்டையற்ற ராயல் ஐசிங்கினால் மிலன் பேராலயத்தின் சாயலில் 100 கிலோ எடையுள்ள வடிவம் ஒன்றை அமைத்தார். 2022இல் அது இலண்டன் வேர்ல்ட் புக் ஆஃப் ரெக்கார்ட்ஸில் இடம்பெற்றது. அரண்மனைப் பூச்சு இந்தியச் சைவ வழக்கத்திற்கேற்ப மாறிய சான்று இது. அம்மாற்றம் வெளிப்படையானது, 'முட்டையற்றது' என்பதே அதன் அடையாளம்.

விப் கிரீமில் நிகழ்ந்ததோ பெயர் நிற்க, பொருள் மாறிய மாற்றம். 1937இல் டால்டா நெய்யின் இடத்தைப் பற்றியது போலவே, தாவரக் கொழுப்பு 'கிரீம்' என்னும் சொல்லின் இடத்தைப் பற்றியுள்ளது. கொழுப்பில் செயற்கை டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்ற விதி இந்தியாவில் 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையின் பிறந்தநாள்கள் இக்கேள்விக்கு வெளியே நிற்பன அல்ல.

உணவுப் பொட்டலத்தின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள பொருட்பட்டியலையும் ஆவணமாகக் கொள்ளுமாறு மாணவர்களை வேண்டுகிறேன். கல்வெட்டைப் படிக்கும் அதே கவனம் அதற்கும் உரியது.