மடி வோட்டர்ஸுக்கு ஒரு கமெரா, பறங்கியருக்கு இருபது செக்கன்

போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்தில புத்தகத்துக்குப் பதிலா ஒரு படம் பார்த்தம். மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கிய ‘த லாஸ்ட் வால்ட்ஸ்’. ‘த பேண்ட்’ என்ற ரொக் குழு 1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய பிரியாவிடைக் கச்சேரியின் ஆவணப்படம் அது, 1978இல் வெளிவந்தது. பாட்டெல்லாம் திறம். ஆனா படம் முடிஞ்சதும் எங்களுக்குள்ள வந்த சண்டை பாட்டைப் பற்றியில்ல, கமெராவைப் பற்றி.

ரொக் இசையின் வேர் கறுப்பின மக்களின் புளூஸ். அந்த மேடையில் புளூஸின் மூத்தவர் மடி வோட்டர்ஸ் பாடுகிறார். அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரேயொரு கமெரா. அதுவும் நின்றிருந்தால் அவர் படத்திலேயே இல்லை. ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பக் குழுவைப் பிறகு ஸ்டூடியோவில் பாடவைத்துத்தான் படத்தில் சேர்த்தார்கள். குழுவுக்குள்ளயும் இதே கதைதான். கிற்றார் வாசித்த ரொபி ரொபர்ட்சன்தான் படத்தின் தயாரிப்பாளர். படமும் அவர் பக்கமே சாய்கிறது. டிரம்ஸ் வாசித்த லெவன் ஹெல்ம் 1993இல் வந்த தன் வாழ்க்கைக் கதையில் இதைக் கோபத்தோடு எழுதியிருக்கிறார்.

இப்படிக் குறை சொல்லிக்கொண்டு இருக்கக்குள்ள, எங்கட ஆள் ஒருத்தர் கேட்டார்: “நாம செய்த வீடியோவில யாருக்கு எவ்வளவு நேரம் குடுத்தம்?”

எடுத்துப் பார்த்தம். மட்டக்களப்பு இசை பற்றிய பதினைந்து நிமிட வீடியோ. வாவியில் பாடும் மீன் இருக்கு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் அவரின் ‘யாழ் நூலும்’ (1947) இருக்கு. வடமோடி, தென்மோடிக் கூத்து இருக்கு. பறங்கியருக்கு இருபது செக்கன்: கலியாண வீடொன்றில் சோடியாக ஆடும் காட்சி. ஆடுறவங்கட பேரும் இல்ல, பாட்டு என்ன மொழி என்றும் இல்ல. அந்தப் பாட்டுக்கு மேலயே எங்கட வர்ணனைக் குரல் ஓடுது. பறை அடிக்கிறவர்களுக்கு அந்த இருபது செக்கனும் கிடைக்கல்ல.

அந்த இருபது செக்கனுக்குப் பின்னால் நானூறு வருசக் கதை கிடக்கு. 1638இல் மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போனது. போர்த்துக்கேய வழியினர் பலர் இங்கேயே தங்கினார்கள். தச்சு, இரும்பு வேலை, தையல் என்று தொழில் செய்தார்கள். வீட்டில் ஒரு கலப்புப் போர்த்துக்கேயம் பேசினார்கள். அந்த மொழியில் பாடி, வயலினும் றபானும் முழங்க ஆடுவதுதான் கஃபிறிஞ்ஞா. போர்த்துக்கேயர் படையாட்களாகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்த ஆப்பிரிக்கரை நாம் காப்பிலியர் என்கிறோம். ஆட்டத்தின் பேரே அவர்களைத்தான் சுட்டுது.

இந்தத் தாளம்தான் பைலாவுக்கு அடித்தளம். போக்குவரத்துப் பொலிஸில் வேலை செய்த வொலி பஸ்தியன் அதைச் சிங்களத்தில் நிலைக்கச் செய்தார். 1970களில் தமிழ் பொப் பாடகர்கள் எடுத்தார்கள். ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்து, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படம் வரைக்கும் போனது. இண்டைக்கும் எங்கட கலியாண வீடுகளில் அதுக்கு ஆடாத ஆளில்ல. ஆனா ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு பேர் உதிர்ந்தது. முதல் ஆப்பிரிக்கர் பேர், மறுகா பறங்கியர் பேர். கடைசியில அது வெறும் ‘பார்ட்டிப் பாட்டு’.

முழுசாகப் பதிவு செய்தவர்கள் வெளியாட்கள். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டேவிட் ஜாக்சன் மட்டக்களப்புப் பறங்கியரிடம் பாடல்களைச் சேகரித்து 1990இல் புத்தகமாக்கினார். பிறகு லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹூகோ கார்டோசோவின் குழு பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்து இணையக் காப்பகத்தில் வைத்திருக்கிறது. அவர்கள் விமானம் ஏறி வந்து கேட்டார்கள். நாங்க கல்லடிப் பாலத்தைத் தாண்டி டச்பாருக்குப் போய் ஒரு பேரைக் கேட்கல்ல.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையில்ல. பறங்கியர் பலர் வாழ்ந்த டச்பாரை 2004 சுனாமி அடித்துப் போட்டது. உயிர்கள் போயின, வீடுகள் போயின. வீடுகளோட கலியாண அல்பங்களும் கசெட்டுகளும் போயின. தப்பினவர்களில் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அந்தப் போர்த்துக்கேயத்தைச் சரளமாகப் பேசுபவர்கள் இப்ப பெரும்பாலும் வயதானவர்கள். ‘த பேண்ட்’ தன் பிரியாவிடையைத் தானே நாள் குறித்து, ஆள் வைத்துப் படம் பிடித்தது. இவர்களிடம் அப்படி ஒன்றுக்கு யாரும் கேட்கவே இல்ல.

அதனால வீடியோவை இறக்கிட்டம். இருபது செக்கனை ஐந்து நிமிடமாக்கிப் போட்டாலும் வெட்டி ஒட்டுறது நாங்கதான் என்றால் பெரிய வித்தியாசமில்ல. எதைப் படம்பிடிக்கிறது, எந்த மொழியில சொல்றது, யார்ட பேரைப் போடுறது என்பதை டச்பார் ஆட்களோட இருந்து முடிவெடுக்கப் போறம். பறை அடிக்கிறவர்களோடயும் அப்படித்தான்.

உங்கட வீட்டுப் பரணில 2004க்கு முந்தின கலியாணக் கசெட் ஏதும் கிடந்தா எறிஞ்சிராதீங்க. அதுல யார் பாடுறாங்க என்று தெரிஞ்ச ஒரு பெரியவர் இன்னும் இருப்பார். அவர்ட்டப் போட்டுக் காட்டி, பேரை எழுதி வையுங்க.