கொல்லிமலைக்கு ஜீப் வாங்கப் போறீங்களா? எதை மாற்றலாம், எதைத் தொட்டால் சிக்கல்? - முழு விளக்கம்

நாமக்கல் மாவட்டம் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டினால் வருவது காரவள்ளி. கொல்லிமலையின் அடிவாரம். இங்கிருந்து சோளக்காடு, செம்மேடு பக்கம் போக வேண்டுமானால் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியாக வேண்டும். சுற்றுலா வருபவர்களுக்கு இது ஒருநாள் சாகசம். மலை மேல் மிளகு, காபி, பலா, வாழை, அன்னாசி என விளைவிப்பவர்களுக்கோ இது அன்றாடப் பாதை.

தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடும் அதே வண்டியில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், அவசரத்துக்கு நாமக்கல் மருத்துவமனைக்கும் போக வேண்டும். அதனால் தார், ஜிம்னி, கூர்க்கா, பொலிரோ போன்ற வண்டிகள் மீது பலருக்கும் கண். வண்டி வீட்டுக்கு வந்ததும் அடுத்த ஆசை ஆரம்பிக்கிறது: பெரிய டயர், இரும்பு பம்பர், உயரமான சஸ்பென்ஷன், கண்ணைப் பறிக்கும் லைட். இதில் எது உதவும், எது உயிருக்கே உலை வைக்கும், சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

4 வீல் டிரைவ் கட்டாயம் தேவையா?

காரவள்ளியிலிருந்து மேலே போவது தார்ச்சாலை. அரசுப் பேருந்தே போய் வருகிறது. அந்த 70 வளைவுகளுக்காக மட்டும் 4 வீல் டிரைவ் தேவையில்லை. தார்ச்சாலையை விட்டு இறங்கி, மழையில் சேறாகும் மண் தடத்தில் தோட்டம் வரை போக வேண்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். தடம் கல்லும் கரடுமாக இருந்தாலும் சேறு இல்லை என்றால், தரையிலிருந்து நல்ல உயரம் உள்ள பின்சக்கர இயக்க வண்டியே போதும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 அக்டோபரில் வந்த புதிய தார், 4 வீல் டிரைவோடு வந்தது. 2023 ஜனவரியில் பின்சக்கர இயக்க வகையும் வந்துவிட்டது. வெளியில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனவே பழைய வண்டி வாங்குபவர்கள் உள்ளே 4 வீல் லிவர் இருக்கிறதா என்று பார்த்து, ஓட்டிச் சோதித்துவிட்டே பேரம் பேச வேண்டும்.

இன்னொரு முக்கிய விஷயம். இந்த வகை வண்டிகளில் 4 வீல் லிவரைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேற்றில் சக்கரம் சறுக்கிச் சமாளித்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் அது நடக்காது. ஸ்டீயரிங் இறுகும், டயர் தேயும், கியர் பாகங்கள் அடிவாங்கும். ஆகவே கொண்டை ஊசி வளைவில் 2 வீல், சேற்றுத் தடத்தில் 4 வீல் என்பதே சரி.

பெரிய டயர் போட்டால் என்ன ஆகும்?

பார்க்க கம்பீரமாக இருக்கும், உண்மைதான். ஆனால் டயரின் விட்டம் 10 சதவீதம் கூடினால், ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது வண்டி 44 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை சுமார் 9 சதவீதம் குறையும். லோடு ஏற்றி மேடு ஏறும் வண்டிக்கு இது பெரிய இழப்பு. பிரேக்குக்கும் கூடுதல் சுமை.

பெரிய கட்டைகள் கொண்ட சேற்று டயர், ஈரமான தார்ச்சாலையில் பிடிப்புக் குறைவு. சத்தமும் அதிகம், மைலேஜும் குறையும். பாதி நாள் தார், பாதி நாள் மண் என்று ஓடுபவர்களுக்கு, கம்பெனி சொன்ன அதே அளவில் 'ஆல் டெரெய்ன்' டயரே பொருத்தம்.

உயரத்தைக் கூட்டலாமா?

வண்டியை உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் உயரும். நேர் ரோட்டில் இது தெரியாது. அடுத்தடுத்து திரும்பும் மலைப்பாதையில், மேலே கேரியரில் மூட்டைகளும் இருந்தால், வண்டி சாயும் அபாயம் நிஜமாகவே கூடுகிறது. இத்தனைக்கும் தாரின் தரை இடைவெளி 226 மி.மீ., ஜிம்னிக்கு 210 மி.மீ. தோட்டத்து வேலைக்குப் பெரும்பாலும் இதுவே போதும். கனமான சரக்கை மேலே ஏற்றாமல், கீழே அச்சுகளுக்கு நடுவே வைப்பது செலவே இல்லாத பாதுகாப்பு.

இரும்பு பம்பர், கூடுதல் லைட்?

முன்னால் பொருத்தும் 'புல் பார்' கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய பகுதியை இந்தக் கம்பி தடுக்கிறது. ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம். நடந்து போகிறவர் மீது பட்டால் காயமும் மோசமாகும்.

லைட் விஷயத்தில், அதிக வெளிச்சம் என்றால் நல்ல பார்வை என்பது தவறான கணக்கு. மூடுபனியில் உயரத்தில் இருந்து அடிக்கும் வெள்ளை ஒளி திரும்பி ஓட்டுநரின் கண்ணிலேயே அடிக்கும். வளைவில் எதிரே வருபவருக்கோ ஒரு கணம் ரோடே தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாமக்கல், லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பேர் போன ஊர். எதையும் வெட்டி ஒட்டித் தரும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பட்டறையில் முடியும் என்பதற்காக எல்லாம் சட்டப்படி சரி ஆகிவிடாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இந்தத் தீர்ப்பை வழங்கியது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நிறம் மாற்றுவது போன்றவற்றுக்கு ஆர்டிஓ ஒப்புதல் பெற்று ஆர்சியில் பதிய வேண்டும். சீட் கவர், தரை விரிப்பு, டயரில் காற்றடிக்கும் பம்ப், சேற்றில் சிக்கினால் இழுக்கும் பட்டை போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கூர்க்காவில் காற்றை உயரத்தில் இருந்து இழுக்கும் 'ஸ்நார்கெல்' குழாய் கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. அதையே வேறு வண்டியில் பாடியை வெட்டிப் பொருத்தினால் அது மாற்றக் கணக்கில் வந்துவிடும்.

பழைய ஜீப் வாங்குபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். வேறு வண்டியின் டீசல் இன்ஜினை ஏற்றியிருக்க வாய்ப்புண்டு. இன்ஜின் எண்ணும் சேஸ் எண்ணும் ஆர்சியோடு ஒத்துப்போகாவிட்டால், 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டி நின்றுவிடும்.

இன்சூரன்ஸ், வெள்ளை போர்டு சிக்கல்

சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குக் காரணம் என்று தெரிந்தால், வண்டிச் சேதத்துக்கான க்ளைமை நிறுவனம் நிராகரிக்க இடமுண்டு. கடனில் வாங்கிய வண்டி என்றால், வண்டியும் இல்லாமல் தவணை மட்டும் ஓடும்.

சொந்த விளைச்சலை ஏற்றுவது வேறு. பக்கத்துத் தோட்டத்து மூட்டைகளை வாடகைக்கு ஏற்றுவது வேறு. வாடகைக்கு ஓட்ட வேண்டுமானால் மஞ்சள் போர்டும் உரிய பெர்மிட்டும் வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் ஒரு நிம்மதி: 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களை இலகு ரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது.

அப்போ காசை எதில் போடலாம்?

முதலில் பிரேக். பிரேக் ஆயிலைக் கம்பெனி சொன்ன கால இடைவெளியில் மாற்ற வேண்டும். நாள்பட்ட ஆயிலில் ஈரம் சேர்ந்து, நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் பெடல் அப்படியே உள்ளே போய்விடும். அடுத்து கூலன்ட், கிளட்ச், நல்ல ஸ்டெப்னி. சேற்றுத் தடத்தில் ஓடிய பிறகு வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவினால் துருவும் தள்ளிப்போகும்.

மலை டிரைவர்கள் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறுனீங்களோ, அதே கியரில் இறங்குங்க. நியூட்ரலில் இறக்கினால் மொத்த எடையும் பிரேக் மேல்தான். எதிரே வண்டி வந்தால், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை விட்டால் வனச்சட்டம் பாயும்.

பட்டறைக்குப் போவதற்கு முன் மூன்று கேள்விகள் போதும். இந்த மாற்றம் ஆர்சி விவரத்தை மாற்றுகிறதா? எடையை மேலே ஏற்றுகிறதா? இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் தைரியமாகச் சொல்ல முடியுமா? ஒன்றில் இடித்தாலும் அந்தப் பணத்துக்கு நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்கிவிடலாம்.