கண் அழற்சிக்கு மருந்தும் மருந்துக்குக் காவலும்: சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து

2019-ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும் வரை நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சங்கரன்கோவில், நோய் தீர்க்கும் தலமாகவே நெடுங்காலம் அறியப்பட்ட ஊர். சங்கரநாராயணர் கோயிலின் புற்றுமண்ணைத் தோல் நோய்க்கும் விஷக்கடிக்கும் மருந்தாகப் பூசிக்கொள்வதும், பாம்பு, தேள் முதலியவற்றின் வெள்ளி உருக்களைக் காணிக்கையாக உண்டியலில் இடுவதும் அங்கு இன்றும் நடைபெறும் வழக்கங்கள். கண் நோய்க்கு நேர்ந்துகொள்வோர் சாத்தூரை அடுத்து, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குச் சென்று கண்மலர் சாத்தினர். நோய் தணியும் வரை கோயிலிலேயே தங்கி நோன்பிருப்பதை ‘வயனம் காத்தல்’ என்றனர். சிவந்து வலித்து ஒளியைக் கண்டு கூசும் கண்ணுக்கு நிச்சயமான மருந்து இல்லாதிருந்த காலத்தில் இத்தகைய வழக்கங்கள் வேரூன்றியதில் வியப்பில்லை.

அவ்வாறு சிவக்கும் கண்களில் ஒரு வகை, விழியின் நடுவடுக்கான யுவியா என்னும் இரத்த நாளங்கள் செறிந்த படலம் அழற்சி கொள்வதால் உண்டாவது. இதனை மருத்துவர் யுவியைடிஸ் என்பர். மெல்லிய ஒளிக்கற்றையைக் கண்ணுக்குள் பாய்ச்சும் பிளவு விளக்குக் கருவியில் நோக்கினால், தெளிந்திருக்க வேண்டிய முன்னறை நீரில் வெள்ளணுக்கள் தூசுபோல மிதப்பது தெரியும். அவற்றை எண்ணியே நோயின் கடுமை மதிப்பிடப்படுகிறது. அழற்சி நீடித்தால் கண்பாவையைச் சூழ்ந்த திரை பின்னாலுள்ள வில்லையோடு ஒட்டிக்கொள்ளும், கண்ணழுத்தம் ஏறும், விழித்திரையின் மையப்பகுதி நீர் கோத்து வீங்கும், முடிவில் பார்வை நிரந்தரமாகக் குறையும்.

சித்த மருத்துவம் கண் நோய்களைத் தொண்ணூற்றாறாக வகுத்து, நயனவிதி நூல்களில் அவற்றுக்குரிய குறிகுணங்களையும் மருந்துகளையும் விரித்துரைத்தது. மருந்துச் சாற்றைக் கண்ணில் இடும் கலிக்கமும், இமையில் தீட்டும் மையும், தலையில் தேய்க்கும் தைலமும் அம்முறையின் கருவிகள். ஆயினும் வைத்தியர் பக்குவமாகச் செய்ததும் வீட்டில் அவசரத்துக்குப் பிழிந்த பச்சிலைச் சாறும் ஒன்றல்ல. வயல்வேலையில் கீறல்பட்ட கருவிழியில் தூய்மையற்ற சாறோ தாய்ப்பாலோ படும்போது கிருமி புகுந்து புண்ணாகும் அபாயம் உண்டு. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்குப் பதினொருவர் என்னும் அளவில் கருவிழிப்புண் நேர்வதாக 1990-களில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவ்வாண்டுகளில் சிகிச்சைக்கு வந்தோரில் பெரும்பாலோர் முதலில் கண்ணில் அடிபட்டவர்கள்.

ஆங்கில மருத்துவத்தின் தொடக்கமும் தீங்கற்றதாக அமையவில்லை. சென்னையில் 1819-இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையாக வளர்ந்த நிலையம் உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அது தோன்றிய காலத்தில் ஐரோப்பிய மருத்துவர் கண் அழற்சிக்குப் பாதரச உப்பை உள்ளுக்குக் கொடுத்தனர். ஈறு புண்ணாகி எச்சில் ஒழுகுவதையே மருந்து பிடித்ததற்கு அடையாளமாகக் கொண்டனர். 1830-களில் பிரித்தெடுக்கப்பட்ட அட்ரோபின் இதைவிட நன்மையானது: பாவையை விரித்து வைப்பதால் திரை வில்லையோடு ஒட்டுவது தடுக்கப்படுகிறது, தசையின் இறுக்கம் தளர்வதால் வலியும் தணிகிறது. நெல்லைக் கரிசல் வரப்புகளில் தானே முளைக்கும் ஊமத்தையில் இருப்பதும் இவ்வினத்து நஞ்சே. ஆகவேதான் அட்ரோபின் சொட்டு அளவு மீறினால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, முகம் சிவந்து, வாய் வறண்டு, காய்ச்சல் கண்டு, பிதற்றலும் தோன்றும். இது ஒட்டுதலைத் தடுக்குமேயன்றி அழற்சியின் மூலத்தைத் தொடாது.

அம்மூலத்தைத் தொட்ட முதல் மருந்து கார்ட்டிசோன். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1948-இல் மூட்டு அழற்சி நோயாளிக்கு அளிக்கப்பட்டு, கண்டறிந்தோருக்கு 1950-இல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த இந்த ஸ்டீராய்டு, அவ்வாண்டிலேயே கண் அழற்சிக்கும் வழங்கப்பட்டு, வாரக்கணக்கில் தணியாத சிவப்பைச் சில நாட்களில் தணித்தது. வியப்பு அடங்குமுன் விலையும் தெரிந்தது. ஸ்டீராய்டு சொட்டினால் கண்ணழுத்தம் ஏறிக் கண்ணீரழுத்த நோய் வருவது 1950-களிலும், நெடுங்காலம் மாத்திரை உண்டோருக்கு வில்லையின் பின்புறத்தில் புரை படர்வது 1960-இலும் மருத்துவ இதழ்களில் பதிவாயின. உடல் முழுவதற்குமான தீங்குகள் வேறு: சர்க்கரை ஏறுதல், எலும்பு நலிதல், முகம் உப்புதல், மறைந்திருந்த காசநோய் கிளர்தல். நெடுநாள் உண்ட மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. படிப்படியாகக் குறைத்தே விடவேண்டும்.

இவற்றுள் கண்ணழுத்தம் ஏறுவதே மிகவும் வஞ்சகமானது, ஏனெனில் பெரும்பாலும் வலி இராது. சிவப்பு மறைந்ததால் குணமாயிற்று என்று நோயாளி நம்பியிருக்க, பார்வை நரம்பு ஓரத்திலிருந்து அழிந்துகொண்டே வரும். மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று சட்டம் சொன்னாலும், ‘மெட்ராஸ் ஐ’ பரவும் பருவங்களில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் தமிழகச் சிற்றூர்களில் ஒழிந்தபாடில்லை. அந்நோயோ வைரசால் வருவது. பெரும்பாலும் தானே தணியக்கூடியது.

கண் அழற்சிக்குரிய தனித்த சிகிச்சை தென்மாவட்டங்களுக்கு எட்டியது மிகவும் பிற்காலத்தில்தான். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988-இல் திருநெல்வேலியில் கிளை திறந்தபோது, சங்கரன்கோவில் நோயாளி ஐம்பது கிலோமீட்டர்ப் பேருந்துப் பயணத்தில் சிறப்பு மருத்துவரைக் காண முடிந்தது. மதுரையில் மருத்துவர் எஸ். ஆர். ரத்தினம் முன்னின்று நடத்திய ஆய்வுகள், இப்பகுதியின் அழற்சிகள் மேலைநாட்டுப் பாடநூல்களில் முதன்மை பெறாத காரணங்களாலும் வருவதைக் காட்டின. 1993-இன் வெள்ளத்துக்குப் பின் எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவிய லெப்டோஸ்பைரா காய்ச்சல், அடுத்த ஆண்டில் கண் அழற்சியாக வெளிப்பட்டது. அவ்வாறு கண்டறியப்பட்ட 73 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 1997-இல் வெளிவந்தது. குளத்தில் குளித்த சிறுவர் கண்ணில் தோன்றிய கட்டிகளுக்கு, நத்தை வழிப் பரவும் தட்டைப்புழு காரணமென்று 2016-இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது.

காரணத்தைத் தேடுவது அறிவு வேட்கைக்காக மட்டுமன்று. கிருமியால் வந்த அழற்சிக்கு ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் சிவப்பு தணியும், கிருமி பெருகும். காசநோய் இத்தனை பரவலாக உள்ள நாட்டில் மார்புப் படமும் தோல் சோதனையும் பார்க்காமல் நெடுநாள் ஸ்டீராய்டைத் தொடங்குவது அபாயம். காசநோய் மருந்துகளுள் ஒன்றான எத்தாம்புட்டால் பார்வை நரம்பையே பாதித்து நிறம் மங்கச் செய்யக்கூடியது என்பதால், அதற்கும் காவல் தேவைப்படுகிறது.

கிருமி காரணமல்ல என்று தெளிந்து, ஸ்டீராய்டை நெடுங்காலம் தொடரவும் இயலாத நோயாளிக்கு, நோயெதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் வருகின்றன. அவற்றுள் மெத்தோட்ரெக்ஸேட் 1960-களிலேயே கண் அழற்சிக்குப் பயன்பட்ட மலிவான பழைய மருந்து. மைக்கோஃபீனோலேட் பின்னர் வந்தது, விலை கூடியது. புதியதே மேலானது என்ற கருத்து மருத்துவரிடையே ஓங்கியிருந்தது. ரத்தினம் குழுவினர் மதுரையிலும் கோவையிலும் 80 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வை 2014-இல் வெளியிட்டனர். அதன் விரிவாக இந்தியாவிலும் வேறு நாடுகளிலும் 216 பேரிடம் நடந்த ஆய்வு 2019-இல் வந்தது. ஆறு மாத முடிவில் மெத்தோட்ரெக்ஸேட் பெற்றோரில் நூற்றுக்கு 67 பேருக்கும், மைக்கோஃபீனோலேட் பெற்றோரில் 57 பேருக்கும் ஸ்டீராய்டைக் குறைத்தும் அழற்சி அடங்கியிருந்தது. வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. ஆனால் புதிய மருந்து மேலானதல்ல என்பது தெளிவாயிற்று.

மலிவான மருந்துக்கும் கண்டிப்பான காவல் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உண்ணத் தக்கது. நாள்தோறும் உண்டுவிட்டால் எலும்புமச்சை செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் கிழமையைக் குறித்து நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லி அனுப்புவது மாத்திரையைப் போலவே முக்கியமாகிறது. வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைக்க ஃபோலிக் அமிலம் சேர்த்துத் தரப்படுகிறது. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் காலந்தோறும் சோதிக்க வேண்டும். மதுவை விலக்க வேண்டும். கருவுற்றோரும் கருத்தரிக்க எண்ணுவோரும் உண்ணலாகாது. ஊசியாகப் போடும் அடாலிமுமாப் 2016-இல் அமெரிக்காவில் கண் அழற்சிக்கு ஒப்புதல் பெற்றது. அதனை ஒத்த இந்தியத் தயாரிப்பு 2014-இன் இறுதியிலேயே விற்பனைக்கு வந்திருந்தும், விலையும் காசநோய் கிளரும் அச்சமும் அதன் பயனைச் சுருக்கியுள்ளன.

பாதரசம் முதல் அடாலிமுமாப் வரை தீங்கற்ற மருந்து எதுவும் வாய்க்கவில்லை. மாறியது தீங்கை முன்கூட்டியே அறியும் ஏற்பாடு ஒன்றே. விசைத்தறிக் கூலியை நம்பி வாழும் சங்கரன்கோவில் குடும்பத்துக்கு மாத்திரையின் விலையைவிட, இரத்தச் சோதனைக்கும் கண்ணழுத்தம் பார்ப்பதற்கும் இழக்கும் ஒரு நாள் கூலியே பெரிய செலவு. ஆகவே இவ்வட்டாரத்தில் கண் அழற்சிச் சிகிச்சையின் அடுத்த கட்டம் புதியதொரு மருந்தைப் பொறுத்ததாக இராது. ஏற்கெனவே உள்ள மருந்துக்கான சோதனைகள் ஊருக்குள்ளேயே, தவணை தவறாமல் கிடைப்பதைப் பொறுத்தே அமையும்.