எம்டனின் பீரங்கிகள்

1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல். அதன் பத்துப் பீரங்கிகளும் சிறியவையே. குழல்வாயின் விட்டம் 10.5 செ.மீ.; நீளம் அதைப்போல் 40 மடங்கு, அதாவது 4.2 மீட்டர். இவை விரைந்து சுடவல்லவை. காப்பற்ற தொட்டிகளுக்கு இவையே போதும்.

ஆனால் போர்க்கப்பலை எதிர்க்க? நவம்பர் 9-இல் கோக்கோஸ் தீவுகளருகே விடை கிடைத்தது. ஆஸ்திரேலியக் கப்பலான ‘சிட்னி’யை முதலில் தாக்கியது எம்டனே. எனினும் சிட்னியின் பீரங்கிகள் 15.2 செ.மீ. விட்டமுடையவை. குண்டின் எடை விட்டத்தின் முப்படியையொட்டிப் பெருகுவது. எனவே விட்டம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானால், எடை மும்மடங்கை நெருங்கும். நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகளை இழந்த எம்டன், பவளப்பாறையில் ஏறி நின்றது.

கப்பல் அழிந்தது, ‘எம்டன்’ என்ற சொல்லோ, பலே கெட்டிக்காரனைக் குறித்துத் தமிழில் நிலைத்துவிட்டது.