ஃபோர்சித்தியா: மஞ்சள் பூவுக்குப் பின்னால் ஒரு சாணிக் களிம்பு

இங்கிலாந்தில் மார்ச் மாதம், வெயில் நன்றாக விழுகிற தோட்டங்களில் ஒரு புதர்ச்செடி இலையே இல்லாமல் குச்சி முழுக்க மஞ்சளாய்ப் பூத்து நிற்கும். பேர் ஃபோர்சித்தியா. இந்தப் பேரினத்தில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த ஊர் சீனா, கொரியா, ஜப்பான் பக்கம். சுவீடன்காரர் துன்பெர்க் ஜப்பானில் பார்த்ததை வைத்து 1784ல் இதை லைலாக் வகை என்று பதிவு செய்தார். டென்மார்க்கின் மார்ட்டின் வால் அதைத் தனியாகப் பிரித்து, வில்லியம் ஃபோர்சித்தின் பேரை வைத்தார்.

யார் இந்த ஃபோர்சித்? லண்டனில் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் தோட்டங்களுக்குத் தலைமைத் தோட்டக்காரர். பொந்து விழுந்து அழுகிய மரத்தைக்கூடத் தன் களிம்பு குணப்படுத்திவிடும் என்றார். போர்க்கப்பல் கட்ட ஓக் மரம் வேண்டும், காட்டில் மரங்களோ சொத்தை. நாடாளுமன்றம் சும்மா இருக்குமா? செய்முறையை வெளியிடச் சொல்லி 1500 பவுண்டு கொடுத்தது. 1791ல் ரகசியம் வெளிவந்தது: ஒரு புஷல் (சுமார் 36 லிட்டர்) பசுஞ்சாணி, பழைய கட்டடத்துச் சுண்ணாம்புக் காரை அரைப் புஷல், விறகுச் சாம்பல் அரைப் புஷல், கொஞ்சம் மணல். அவ்வளவுதான்! முருங்கையை வெட்டினால் நுனியில் சாணி அப்புகிற நம்ம ஊர்க்காரர்கள் 1500 பவுண்டைக் கேட்டால் சிரிப்பார்கள்.

பழமர ஆய்வாளர் தாமஸ் ஆண்ட்ரூ நைட் இதை விடவில்லை. அழுகின கட்டை திரும்ப நல்ல கட்டை ஆகாது என்று அச்சிலேயே சண்டை போட்டார். சண்டை முடியும் முன்பே, 1804ல் ஃபோர்சித் காலமாகிவிட்டார். அதே வருஷம் மார்ச் 7ல், பிற்பாடு ராயல் தோட்டக்கலைச் சங்கமான அமைப்பைத் தொடங்கிய ஏழு பேரில் அவரும் ஒருவர். 1811ல் அதற்குத் தலைவராக வந்தவர் யார் தெரியுமா? நைட்!

ஃபோர்சித் மோசடிக்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை. களிம்பு பூசுமுன் அழுகலைச் சுரண்டி எடுக்கச் சொன்னார். ஓரத்தில் புதுக் கட்டை வளர்வதைக் கண்ணால் பார்த்தார். பெருமை களிம்புக்குப் போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அழுகலைச் சுற்றித் தடுப்புச்சுவர் போட்டுவிட்டு வெளியே புதிதாக வளர்கிறது. பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை.

குளிர்நாட்டில் இருக்கும் வாசகர்கள் யாராவது இதை வளர்ப்பதாக இருந்தால்: நிழலில் வைத்தால் பூ குறையும். போன வருஷத்துக் குச்சியில்தான் பூக்கும், அதனால பூ உதிர்ந்ததுமே வெட்டிவிடுங்கள். குளிர்காலத்தில் வெட்டினால் மொட்டெல்லாம் குப்பைக்குத்தான் போகும். கிழட்டுத் தண்டுகளை அடியோடு எடுங்கள். வெட்டின இடத்தில் ஒன்றும் பூச வேண்டாம்.