மூங்கில் பூத்த வருடமும் ஒரு குமாஸ்தாவும்

மகனோடு செவ்வாப்பேட்டைக்குக் குடிவந்த புதிதில் எங்கள் தெருவுக்குப் பின்னால் நெல் வயல் இருந்தது. இப்போது அங்கே மனைக்கல் நட்டிருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் இருளர் பெரியவர் ஒருவர் கடப்பாரையும் மண்பானையுமாக வருவார். பானைக்குள் வைக்கோலைக் கொளுத்தி, அதன் வாயை எலி வளையில் பொருத்தி, அடியில் உள்ள ஓட்டை வழியாக ஊதுவார். புகை உள்ளே போகும். பிறகு தோண்டினால் எலியும் கிடைக்கும், அது சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். ஒருநாள், “இந்த வருஷம் எலி ஜாஸ்தியா?” என்று கேட்டேன்.

“வளையில நெல்லு இருந்தா குட்டி இருக்கும் சார். நெல்லு இல்லன்னா குட்டியும் இல்ல” என்றார்.

காட்டெலிகளைப் பற்றி அறிஞர்கள் சொல்வதும் பெரும்பாலும் இதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் எல்ட்டன் 1924லேயே விலங்குகளின் எண்ணிக்கை ஏன் ஏறி இறங்குகிறது என்று எழுத ஆரம்பித்துவிட்டார். ஐரோப்பியக் காடுகளில் ஓக், பீச் மரங்கள் எல்லா வருடமும் ஒரே அளவு காய்ப்பதில்லை. அமோகமாகக் காய்த்த வருடம் எலிகள் குளிர்காலத்திலும் சாகாமல் தப்பி, அடுத்த கோடையில் பெருகிவிடும். பெருகியதைப் பின்தொடர்ந்து ஆந்தையும் கீரியினமும் பெருகும். ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் எலி அற்றுப்போன 1958இல் ஆந்தைகள் முட்டையே இடவில்லையாம். ‘மூலோ’ என்று அந்தக் காட்டெலிக்குப் பிரெஞ்சில் பெயர். எழுத்துக்கூட்டத் தெரிந்த எனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாது.

1959இல் எனக்கு எட்டு வயது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளி. லா ஃபோந்தேன் எழுதிய நகரத்து எலி, வயல் எலி கதைப்பாட்டை மனப்பாடம் செய்து ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அதே வருடம் நம் நாட்டிலேயே, அன்று அசாமோடு இருந்த மிசோ மலைகளில், எலி ஒரு சமூகத்தின் சோற்றையே தின்று தீர்த்தது. எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. நானே ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

அங்கே மலைமுழுக்க ‘மௌதாக்’ என்ற மூங்கில். ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒருமுறை எல்லாம் ஒன்றாகப் பூத்து, காய்த்து, செத்துப்போகும். அந்தக் காலத்துக்கு மிசோக்கள் வைத்த பெயர் ‘மௌதாம்’, அதாவது மூங்கில் சாவு. 1862, 1911, 1959 என்று அவர்களிடம் கணக்கு இருந்தது. நம் பக்கத்து மூங்கிலரிசி போலச் சிறு மணியல்ல அதன் காய். பேரிக்காய் அளவு, சதைப்பற்றானது. இவ்வளவு காலம் காத்திருந்து ஒரேயடியாகக் காய்ப்பதற்கு டேனியல் ஜான்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1976இல் ஒரு காரணம் சொன்னார். தின்ன வருகிறவை எல்லாம் வயிறு நிரம்பத் தின்றும் மிச்சம் இருக்க வேண்டும், அந்த மிச்சம் முளைக்க வேண்டும் என்பதே அது. மூங்கிலுக்கு நல்ல ஏற்பாடு. மனிதனுக்கு?

காயைத் தின்றால் எலிக்கு மலட்டுத்தன்மை நீங்கும் என்று அங்கே நம்பிக்கை உண்டு. அப்படி மருந்து எதுவும் தேவையில்லை. எலி மூன்று வாரத்தில் குட்டி போடும், அந்தக் குட்டி மூன்று மாதத்தில் தாயாகும். மற்ற வருடங்களில் பசி அதைத் தடுத்து நிறுத்துகிறது. மூங்கில் காய்த்த வருடம் தடை எடுபட்டுவிடுகிறது. மாதக்கணக்கில் குட்டிமேல் குட்டி. பிறகு மிஞ்சிய காய்கள் முளைவிடும். எலிக்குத் தீனி தீரும். அப்போது மலைச்சரிவில் நெல் கதிர் முற்றியிருக்கும். ஒரே இரவில் வயல் போய்விடும்.

இதை மிசோ மாவட்ட கவுன்சில் முன்கூட்டியே சொன்னது. 1958 அக்டோபரில் பஞ்சம் வரப்போகிறது என்று தீர்மானம் போட்டு, அசாம் அரசிடம் 15 லட்சம் ரூபாய் கேட்டது. மூங்கில் பூத்தால் பஞ்சம் என்பது மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டார்கள். பஞ்சம் வந்தது. எலி வாலுக்குக் காசு என்று அறிவித்து 20 லட்சம் எலிக்கு மேல் கொன்றதாகச் சொல்கிறார்கள். அதற்குள் நெல் போயிருந்தது.

அந்தக் கவுன்சிலில் கணக்குக் குமாஸ்தா ஒருவர் இருந்தார். பெயர் லால்டெங்கா. பஞ்ச நிவாரணத்துக்காக அவர் தலைமையில் திரண்ட மிசோ தேசியப் பஞ்ச முன்னணி, 1961 அக்டோபரில் பெயரில் இருந்த ‘பஞ்சத்தை’ எடுத்துவிட்டு மிசோ தேசிய முன்னணி ஆயிற்று. 1966இல் ஆயுதக் கிளர்ச்சி. அந்த மார்ச்சில் ஐஸால் நகரின் மீது இந்திய விமானங்களே குண்டு போட்டன. உடன்பாடு கையெழுத்தாக 1986 ஜூன் ஆயிற்று. பிறகு அவரே முதலமைச்சர். எலி மட்டுமே இதற்கெல்லாம் காரணம் என்று நான் சொல்லவில்லை. வேறு மனக்குறைகளும் இருந்தன. ஆனால் அந்த 15 லட்சம் கேட்ட ஃபைலை என்னால் மறக்க முடியவில்லை. அதிலும் யாரோ ஒரு குமாஸ்தா முதல் குறிப்பு எழுதியிருப்பார்.

2006 முதல் 2008 வரை மறுபடி பூத்தபோது அரசு முன்பே திட்டம் போட்டது. எலி அதிகம் தொடாத இஞ்சி, மஞ்சள் பயிரிடச் சொன்னார்கள். விளைச்சல் அப்போதும் பல இடத்தில் அழிந்தது. ஆனால் வெளியிலிருந்து அரிசி போய்ச் சேர்ந்தது.

எனக்கும் ஒரு ஃபைல் உண்டு. எண்பதுகளில், காவிரிக் கடைமடைப் பக்கம் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்கு விவசாயிகள் மனு கொடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் வெவ்வேறு மாதத்தில் நடுவதால் எலிக்கு எப்போதும் எங்கோ ஒரு கதிர் கிடைக்கிறது, குட்டி போடுவது நிற்கவே இல்லை, எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் கிட்டி வைக்க உதவ வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். கிட்டி என்பது மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்ப் பொறி. “எலித் தொல்லை ஆண்டுதோறும் உள்ளதே. தனி நடவடிக்கை தேவையில்லை” என்று நான் குறிப்பு எழுதினேன். அதிகாரி ஓர் எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். அந்தப் போகத்தில் அவர்கள் கைக்காசு போட்டுக் கிட்டிக்காரர்களை அழைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஓர் ஊர் மட்டும் வைத்தது. எலி அடுத்த ஊருக்குப் போனது.